அரை அங்குலப் பொய்

மையலென் ஹரிஸ்புரு கதவைத் தட்டவில்லை. திறந்தாள், நேராக நடந்து வந்தாள், மேஜை மேல் ஒரு காகிதத்தை ஓங்கி வைத்தாள். ஆகஸ்டா ரென்னிக்கின் காபி தளும்பித் தட்டில் கொட்டியது.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"உட்காரு, மையலென்," என்றாள் ஆகஸ்டா.

"உக்கார வரலை அக்கா. பஸ்ஸை வாசல்ல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு மஞ்சள் பள்ளிக்கூடப் பேருந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டில்சன் ஊரில் அதை ஓட்டுபவள் மையலென்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள். பத்து நாளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம், வாஸ்லர் டயர் கடையில் டயர் வெடித்து அவள் கணவன் பென்யாட் செத்துப்போனான். அடக்கம் முடிந்த மறுநாளே அவள் பேருந்தை எடுத்துவிட்டாள்.

ஆகஸ்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படித்தாள். ஐம்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துவிட்டு, இப்போது வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் தனியாகத் துப்பறிகிறாள். எதையும் சத்தமாகப் படிப்பது அவள் பழக்கம்.

"'பதினாறரை அங்குல ரிம்மைப் பதினாறு என்று தவறாக அளந்து, அதன் மேல் பதினாறு அங்குல டயரைப் பொருத்திக் காற்றடித்ததால் விபத்து ஏற்பட்டது. பணியாளரின் கவனக்குறைவே காரணம்.' சரி. கீழே, 'மனைவி இதை ஏற்றுக்கொள்கிறார்.'"

"எதை ஏத்துக்கறது? பதினோரு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ரிம்மை விரலால தடவியே அளவு சொன்ன மனுஷன் அவரு. அவருக்குப் பதினாறும் பதினாறரையும் தெரியாதாமா?"

ஜன்னலோரம் சாய்ந்து நின்ற டூயி தொண்டையைச் செருமினான். ஆகஸ்டாவின் உதவியாளன். ரோடியோ என்ற காளைச் சவாரிப் போட்டியில் ஏழு வருஷம் கோமாளியாக இருந்தவன். சவாரிக்காரன் கீழே விழுந்ததும் காளையைத் தன் பக்கம் இழுப்பது அவன் தொழில். இடுப்பெலும்பு உடைந்ததால் தொழிலை விட்டான். வாயை மட்டும் விடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. அரை அங்குலம்தானே? நான் தினமும் அதைவிட அதிகமாப் பொய் சொல்றேனே."

மையலென் அவன் பக்கம் திரும்பினாள். "டயரோட உள்விளிம்புல இரும்புக் கம்பி வளையம் இருக்கு. அது ரிம்முல போய் உக்காரணும். அரை அங்குலம் சின்னதா இருந்தா ஏறும், ஆனா உக்காராது. உக்காரலையேன்னு இன்னும் காத்தடிப்பாங்க. இன்னும், இன்னும். கம்பி அறுந்துச்சுன்னா அப்புறம் அது டயர் இல்ல, வெடிகுண்டு. எங்க வீட்ல சூப் குடிக்கறப்ப இதைத்தான் பேசுவாரு. எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா?"

டூயி தொப்பியைக் கழற்றினான்.

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு கவுன்ட்டி ஆபீஸ்ல விசாரணை," என்றாள் மையலென். "நான் கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் ஃபைலை மூடிடுவாங்களாம். மூடட்டும். ஆனா என் கையால மூட மாட்டேன்."

ஆகஸ்டா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது பத்து.

"ரெண்டு மணிக்கு அங்க இரு. பேனா கொண்டு வராதே."

* * *

ஷெரிஃபின் கொட்டகையில் அந்தப் பிக்கப் வண்டி மூன்று சக்கரத்திலும் ஒரு மரக்கட்டையிலும் நின்றது. வெளுத்த பச்சை நிறம். பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்த முக்கால் டன் வண்டி. ஆர்ரின் ஹால்டேன் என்ற பண்ணைக்காரருடையது. கழற்றிய நான்காவது ரிம், வெடித்து வாய் பிளந்த டயருடன் ஓரமாகக் கிடந்தது.

ரிம்மின் மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது: 16.

"அவரே எழுதியிருக்காரு பாருங்க," என்றார் காவலுக்கு நின்ற துணை ஷெரிஃப். "அளந்து, எழுதி, தப்பா மாட்டியிருக்காரு. பாவம்தான். என்ன பண்றது?"

ஆகஸ்டா வண்டியைச் சுற்றி வந்து முழங்காலிட்டாள். இன்னும் வண்டியில் இருந்த மூன்று சக்கரங்களிலும், ரிம்மின் உள்பக்கம், தூசியில் பாதி மறைந்து சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. டார்ச் அடித்தாள்.

"டூயி, என்ன தெரியுது?"

"பதினாறு, ஒரு கமா, அப்புறம் அஞ்சு. புள்ளி வைக்க வேண்டிய இடத்துல கமா. ஒண்ணுங்கற எண்ணைப் போட்ட அழகைப் பாருங்க, கூடாரம் மாதிரி."

"பென்யாட் பிரான்ஸ் பக்கத்து பாஸ்க் மலையில பிறந்தவன். அங்க புள்ளி வைக்க மாட்டாங்க, கமாதான்." ஆகஸ்டா எழுந்து, வெடித்த ரிம்மைக் காட்டினாள். "இதுல அந்த ஒண்ணுங்கற எண் எப்படி இருக்கு?"

"வெறும் குச்சி."

துணை ஷெரிஃப் தோளைக் குலுக்கினார். "மூணை சரியா எழுதி நாலாவதுல கோட்டை விட்டிருப்பாரு. அவசரத்துல எல்லாரும் ஒரே மாதிரியா எழுதறோம்?"

"நியாயமான கேள்வி," என்றாள் ஆகஸ்டா. உண்மையிலேயே அது நியாயமான கேள்வி. அவள் ரிம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டூயிதான் கேட்டான். "சார், வெடிச்சப்ப இந்தச் சக்கரம் எங்க போச்சு?"

"கூரைக்கு. விளக்கை உடைச்சுக்கிட்டு, சுவத்துல மோதி, எண்ணெய்த் தரையில புரண்டு நின்னுச்சு."

"ஒரு காளை என்னைப் பத்தடி தூக்கி எறிஞ்சா, மூஞ்சியில பூசின வெள்ளைச் சாயம் பாதி மண்ணுல இருக்கும், பாதி காளை மேல இருக்கும். என் மூஞ்சியில ஒண்ணுமே இருக்காது. இங்க என்னடான்னா கூரைக்குப் போய்ட்டு வந்த சாக்பீஸ், கல்யாணப் பொண்ணு மாதிரி கலையாம இருக்கு."

ஆகஸ்டா குனிந்து, ஒரு விரலை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. எழுத்து அந்தப் பிசுக்குக்கு மேலே இருந்தது, கீழே அல்ல.

"சக்கரம் தரையில விழுந்த பிறகு எழுதியிருக்காங்க," என்றாள் மெதுவாக. "பென்யாட் செத்த பிறகு."

* * *

ஹால்டேன் பண்ணை பதினெட்டு மைல் தள்ளி. கிழவர் வேலிக் கம்பத்தின் மேல் கை வைத்து நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் வண்டிதான் அவனைக் கொன்னுது. இன்னும் என்ன கேக்கணும்?"

"டயர் வாங்கப் போனீங்களே, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்," என்றாள் ஆகஸ்டா.

"அது வெள்ளிக்கிழமைம்மா. 'பார்க்க நல்லா, அகலமா, பெரிசா நாலு டயர் போடு'ன்னேன். பென்யாட் என்னை ஒரு பார்வை பார்த்தான். 'பார்க்கறதுக்குன்னா படம் வாங்கு. வண்டியில என்னத்தை ஏத்துவே, அதைச் சொல்லு'ன்னான். மேட்டு மேய்ச்சல்ல கிணறு வத்திப்போச்சு. தினமும் முன்னூறு காலன் தண்ணி கொண்டு போறேன்னு சொன்னேன். அங்கேயே கணக்குப் போட்டான். தண்ணி மட்டும் ரெண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு. வண்டியோட சொந்த எடையும் சேர்ந்தா பின்னாடி ரெண்டு சக்கரத்து மேல ஐயாயிரத்துக்குப் பக்கம். நான் ஓட்டிக்கிட்டிருந்த டயர்ல C-ன்னு எழுத்து. ஒண்ணு ரெண்டாயிரத்து நூறு தாங்குமாம். 'எண்ணூறு பவுண்டு அதிகமா ஏத்திக்கிட்டு மலை ஏறியிருக்கே, இன்னும் உயிரோட இருக்கறதுக்கு வெக்கப்படு'ன்னான்."

"அப்புறம்?"

"E எழுத்து டயர்தான் வேணும், ஒண்ணு மூவாயிரம் தாங்கும்னான். ஆனா என் ரிம் பதினாறரை. அந்த அளவுல E எழுத்து இந்தக் கவுன்ட்டியிலயே யார்கிட்டயும் இல்ல. பதினாறுல வேண்டிய அளவு இருக்கு. அதனால நாலு ரிம்மையும் மாத்தி, பதினாறு ரிம், பதினாறு டயர். பில்லிங்ஸ் டவுன்லேருந்து புது ரிம் புதன்கிழமை வரும், அது வரைக்கும் பாதித் தொட்டிதான் ஏத்தணும்னு சொல்லி எழுதியும் குடுத்தான்."

ஆகஸ்டா கை நீட்டினாள். "அந்தச் சீட்டு?"

கிழவர் தொப்பியைக் கழற்றி, உள்பட்டையிலிருந்து வியர்வையில் நனைந்து காய்ந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். கூடாரம் போன்ற '1'. கமா. 'புது ரிம் 16, நாலு. டயர் 16, E, நாலு. பழைய ரிம் 16,5. இதில் மாட்டக் கூடாது.' கடைசி வரிக்கடியில் இரண்டு கோடு.

"இதை ஏன் யார்கிட்டயும் காட்டலை?"

"யாரும் கேக்கலையேம்மா. சனிக்கிழமை காலையில வாஸ்லர் போன் பண்ணினாரு. 'புது ரிம் எல்லாம் தேவையில்ல, பழசுலேயே ஏறிடும், வண்டியைக் கொண்டு வந்து விடு, மதியம் எடுத்துக்கோ'ன்னாரு. பென்யாட் மனசை மாத்திக்கிட்டான்னு நினைச்சேன்." அவர் தொப்பியைக் கையில் திருகினார். "அவன் மாத்திக்கற ஆளா? நான்தான் யோசிச்சிருக்கணும்."

* * *

வாஸ்லர் கடையின் முன்னறையில் க்ளைட் வாஸ்லர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவருக்கு வலப்பக்கம் ஆகஸ்டா நின்றாள். டூயி இடப்பக்கமாகப் போய் டயர் அடுக்கில் சாய்ந்துகொண்டான்.

"சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிட்டேன் மேடம். பழசுலேயே ஏறும்னு பென்யாட்தான் சொன்னான். அவன் பேச்சை நம்பித்தான் ஹால்டேனுக்குப் போன் பண்ணினேன். வெடிச்சப்ப நான் இதோ, இந்த நாற்காலியில, போன்ல. நடுவுல கல்சுவர். சத்தம் கேட்டு ஓடினேன்."

"பென்யாட் எழுதிக் குடுத்த சீட்டுல அப்படி இல்லையே?"

"வெள்ளிக்கிழமை ஒண்ணு எழுதுவான், சனிக்கிழமை ஒண்ணு சொல்லுவான்."

"வழுக்கை டயரை எல்லாம் வெளிய போட்டுட்டாங்க பாஸ்," என்றான் டூயி மெல்லிய குரலில், முதலாளியின் தலையைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணுதான் நாற்காலியில மிச்சம்."

ஆகஸ்டா அவனை முறைத்தாள். வாஸ்லர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

டூயி விடவில்லை, அதே மெல்லிய குரலில். "காத்து இறங்கினது மாதிரி இருக்கே. பஞ்சரா?"

வாஸ்லர் ஆகஸ்டாவையே பார்த்தார். "இன்னும் ஏதாவது இருக்கா மேடம்?"

அப்போது போன் அடித்தது. போன் அவருடைய இடப்பக்கச் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. எழுதும் பலகையும் நூலில் கட்டிய இன்னொரு பென்சிலும் வலப்பக்கம். வாஸ்லர் இடது கையால் ரிசீவரை எடுத்தார். அதை இடது காதுக்குக் கொண்டுபோய், நிறுத்தி, கழுத்துக்குக் குறுக்கே வயரை இழுத்து, வலது கைக்கு மாற்றி, வலது காதில் வைத்தார். எழுதக் கை இல்லாமல், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

காரில் ஏறியதும் டூயி பொரிந்தான். "மானம் போச்சு பாஸ். ரெண்டும் நல்ல ஜோக். போன வருஷம் வழுக்கைன்னு சொன்னதுக்கு ஒருத்தன் மேல ஸ்பேனரை எறிஞ்ச ஆளு இவரு. நான் தயாரா குனிஞ்சுகூட நின்னேன். ஒரு பொட்டு கோபம் வரலை. சாவு வந்தா மனுஷன் இப்படியா மாறிடுவான்?"

சாவி போட்ட ஆகஸ்டாவின் கை அப்படியே நின்றது.

"நீ எந்தப் பக்கம் நின்னே?"

"இடப்பக்கம். ஏன்?"

ஆகஸ்டா சாவியைத் திருப்பினாள். "ரெண்டு மணிக்கும் இடப்பக்கமே நில்லு."

* * *

கவுன்ட்டி ஆபீஸின் மாடியில் நீளமான ஒரு மேஜை. தலைநகரிலிருந்து வந்திருந்த தொழிலக ஆய்வாளர் தெர்மாஸைத் திறந்து வைத்திருந்தார். ஒரு பக்கம் மையலென், பேருந்து ஓட்டும் கோட்டுடன். அவளுக்குப் பக்கத்தில் ஹால்டேன். எதிரில் தனியாக வாஸ்லர்.

ஆகஸ்டா சீட்டை வைத்தாள். சாக்பீஸ் கதையைச் சொன்னாள். துணை ஷெரிஃப் எடுத்து வந்த போட்டோவைப் பரப்பினாள்.

ஆய்வாளர் மூக்கைத் தடவினார். "மேடம், யாரோ பிறகு எழுதினாங்கன்னு நீங்க சொல்றீங்க. இருக்கலாம். ஆனா காத்தடிச்சது பென்யாட்தானே? கடையில இருந்தது ரெண்டு பேர். முதலாளி முன்னறையில போன்ல இருந்திருக்காரு. அப்ப மிச்சம் யாரு?"

"அதான் கேள்வி. டூயி, உன் வேலையைப் பாரு."

வாஸ்லரின் இடது தோளுக்குப் பின்னால் நின்ற டூயி ஒரு அடி முன்னால் வந்தான். அவன் குரலில் முதல் முறையாகக் கேலி இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்து பேசும் குரல்.

"வாஸ்லர், பென்யாட்டைக் கொன்னது நீங்கதான்."

மையலென் நிமிர்ந்தாள். ஹால்டேனின் தொப்பி மடியிலிருந்து விழுந்தது. ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

வாஸ்லர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, மறுபடி மடித்து வைத்தார்.

பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். "என்ன?" என்றார். "என்ன ஆச்சு?"

"உங்களைக் கொலைகாரன்னு சொன்னான்," என்றாள் ஆகஸ்டா. "உங்க இடது காதுல. அது உங்களுக்குக் கேக்கலை."

"எனக்கு... எனக்குச் சின்ன வயசுலேருந்தே—"

"இல்ல. உங்க போன் இடப்பக்கம் மாட்டியிருக்கு, எழுதற பலகை வலப்பக்கம். வருஷக்கணக்கா இடது காதுல வெச்சுக் கேட்டு, வலது கையால எழுதியிருக்கீங்க. இன்னைக்கும் கை பழக்கத்துல இடது காதுக்குத்தான் போச்சு, பாதியில நின்னுது. அந்தக் காது செத்துப் பத்து நாள்தான் ஆகுது. கல்சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியில இருந்தவருக்குக் காது போகாது வாஸ்லர். டயருக்குப் பக்கத்துல நின்னவருக்குத்தான் போகும். டாக்டர்கிட்ட போனா கேள்வி வரும்னு போகலை. சரியா?"

வாஸ்லர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது யாரையும் பார்க்கவில்லை.

"முடியாதுன்னான். புதன்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்னான். எல்லாரும் அவன் சொன்னாத்தான் கேக்கறாங்க. கடை என்னுது. பேரு என்னுது. கடை யாருதுன்னு காட்டணும்னு இருந்துச்சு. நீ போடலைன்னா நான் போடறேன், நீ வேலையை விட்டுப் போன்னேன். கையுறையைக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டான்."

"காத்தடிச்சது நீங்க," என்றார் ஆய்வாளர்.

"நான்தான். காத்தழுத்தம் ஐம்பது வரைக்கும் ஏத்திட்டேன். விளிம்பு உக்காரலை. இன்னும் கொஞ்சம்னு அழுத்தினேன். குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்புறம் அவர் எப்படிச் செத்தார்?"

வாஸ்லர் கதவுப் பக்கம் பார்த்தார். மையலென் எழுந்து நின்றாள்.

"வாசல் வரைக்கும் போயிட்டாரா?"

"தெருவுக்கே போயிட்டான். காத்துச் சத்தம் நிக்காம வர்றதைக் கேட்டுருக்கணும். ஓடி வந்தான். குழாயைப் பிடுங்கினான். பிடுங்கி, என்னைத் தள்ளிவிட்டான். நான் விழுந்தேன். அவன் நின்ன இடத்துல..."

இத்தனை நாள் மையலென் ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டிருந்தாள், தன் கணவன் தப்புச் செய்யவில்லை என்று. அது இப்போது கிடைத்துவிட்டது. கூடவே, அவன் தெருவில் பத்திரமாக நின்றிருந்தான் என்பதும் கிடைத்தது.

"திரும்பி வந்தாரு," என்றாள். "உனக்காக."

வாஸ்லர் தலையாட்டினார்.

"ஏதாவது சொன்னாரா?"

"'நகருடா கழுதை'ன்னான்."

மையலெனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று டூயிக்குப் புரியவில்லை. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்படித்தான் சொல்லியிருப்பாரு. எங்க வீட்ல எல்லாருக்கும் அதான் பேரு."

ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க வேணும்னா வெளிய போய்க் கொஞ்சம்..."

"எங்கேயும் போக மாட்டேன்." அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி வாஸ்லரின் வலது காதுப் பக்கமாகக் குனிந்தாள். "நீ செத்திருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். அவரு உயிரைக் குடுத்துக் காப்பாத்தினதை நான் சபிக்க மாட்டேன். ஆனா செத்தவன் வாய் பேசாதுன்னு அவரு பேர்ல கிறுக்கி வெச்சே பாரு, அதுக்கு நீ உயிரோட இருந்து பதில் சொல்லணும். எழுந்திரு. முதல்லேருந்து சொல்லு. இவரு ஒரு வார்த்தை விடாம எழுதட்டும். இந்த ஊர் முழுக்க படிக்கணும்."

வாஸ்லர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் புதிய தாளை எடுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டாவைப் பார்த்தார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவர் எழுந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை பென்யாட் சொன்னது சரி," என்று ஆரம்பித்தார்.

"சத்தமா," என்றாள் மையலென்.

"பென்யாட் சொன்னது சரி!"

அவர் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் மையலென் உட்காரவில்லை.